பாவு வராத நாள்

1985ஆம் வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. திருப்பூரில் எங்கள் சங்க அலுவலகத்து மாடியில் பாய் விரித்து பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் நடத்திய வேலைநிறுத்தம் அதற்கு முந்தைய வருடம்தான் முடிந்திருந்தது. அந்த 127 நாளில் கடன் வாங்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஆனாலும் நாங்கள் தலை நிமிர்ந்துதான் நடந்தோம். தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதில் அப்படி ஒரு பெருமை இருந்த காலம் அது.

வகுப்பு எடுக்க வந்தவர் கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர். பஞ்சுத் தூசியில் கெட்டுப்போன நெஞ்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமிக்கொள்வார். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். இடது பக்கம் முதலாளி, வலது பக்கம் தொழிலாளி, நடுவில் குட்டி முதலாளி. "ஒவ்வொருத்தரா வாங்க. உங்க பேரை நீங்களே எந்தக் கட்டத்துல எழுதணும்னு யோசிச்சு எழுதுங்க" என்றார்.

எனக்கு அப்போது 22 வயது, ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் வேலை, சனிக்கிழமை சம்பளம். மெஷின் கம்பெனியுடையது, துணி கம்பெனியுடையது, நூல் கம்பெனியுடையது. என்னுடையது என்று அங்கே இருந்தவை என் இரண்டு கையும் கண்ணும்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வலது கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தோழர் தலையசைத்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல் இருந்தது.

மற்றவர்கள் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். துணி வெட்டுகிறார், சரி. ஆனால் நாலு பேரை மேய்க்கவும் செய்கிறார், முதலாளிக்குக் கணக்கும் சொல்கிறார். அவரை எங்கே வைப்பது? தனியார் பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பொருளையும் உற்பத்தி செய்யவில்லையே என்று ஒரு தோழர் கேட்டார். எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார், மற்றவர் கடன் வாங்கிச் சொந்த ஆட்டோ வாங்கியவர். முதலாமவர் பெயர் வலது கட்டத்துக்குப் போனது, இரண்டாமவர் பெயர் நடுக் கட்டத்துக்குப் போனது. ஒரே ஸ்டாண்டில் ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு சாக்பீஸ் கோடு விழுந்தது.

அந்தக் கோட்டை நாங்கள் விளையாட்டாகப் போடவில்லை. யார் தொழிலாளி என்று தெரியாமல் யாரை நம்பிப் போராடுவது? மார்க்சியத்தில் இந்தக் கேள்விக்கு அடிப்படையான ஒரு பதில் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் 1888ஆம் வருடத்து ஆங்கிலப் பதிப்பில் எங்கெல்ஸ் சேர்த்த அடிக்குறிப்பில் அது இருக்கிறது. சொந்தமாக உற்பத்திச் சாதனம் இல்லாததால், வாழ்வதற்காகத் தன் உழைப்பு சக்தியை விற்றே தீர வேண்டிய நவீனக் கூலி உழைப்பாளிகள்தான் பாட்டாளி வர்க்கம் என்பது அதன் சாரம். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனம் முதல் பாகத்தில் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். தொழிலாளி இரண்டு வகையில் விடுபட்டவன். யாருக்கும் அடிமை இல்லை என்பதால் தன் உழைப்பு சக்தியை விற்கும் சுதந்திரம் அவனுக்கு உண்டு. விற்பதற்கு வேறு எதுவும் இல்லாதபடி நிலம், கருவி எல்லாவற்றிலிருந்தும் அவன் கழற்றிவிடப்பட்டும் இருக்கிறான். இந்த இரண்டாவது விடுதலைதான் அவனைக் கம்பெனி வாசலுக்குத் துரத்துகிறது.

அப்போது எனக்கு இந்த விளக்கமெல்லாம் கணக்கு வாய்பாடு போலத்தான் மனதில் பதிந்தது. கருவி சொந்தமா? ஆமென்றால் நடுக் கட்டம். ஆள் வைத்திருக்கிறாயா? ஆமென்றால் இடது கட்டம். இரண்டும் இல்லையென்றால் நம்ம ஆள்.

வகுப்பு முடியும் நேரத்தில் யாரோ கேட்டார்கள்: "உங்கப்பா தறி வெச்சிருக்காரில்ல? அவரை எங்க எழுதறது?"

எங்கள் வீடு பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தது. அப்பாவுக்கு வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறி இருந்தது. நானே எழுந்து போய் அப்பாவின் பெயரை நடுக் கட்டத்தில் எழுதினேன். சொந்த அப்பாவையே தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதினானே என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்று இரவு வீட்டுக்குப் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. விசைத்தறிக் கொட்டகைக்குள் பேசுகிறவர்கள் காதருகே வாயை வைத்துத்தான் பேச வேண்டும். ஆறு தறியும் ஓடினால் தரையே அதிரும். ஒரு தறியில் இழை அறுந்து நின்றது. அப்பா குனிந்து, அறுந்த பாவு இழையை விரலில் தேடி எடுத்து, புதிய நூல் கொடுத்து முடிச்சுப் போட்டு, அச்சுக்குள் கோத்து, தறியைத் தட்டி ஓட விட்டார். மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. தறியை விட்டு அவர் வெளியே வந்ததும் நான் படித்ததைச் சொன்னேன். நீங்கள் தொழிலாளி இல்லை, குட்டி முதலாளி வர்க்கம் என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மொதலாளின்னா பாவு யாரு வூட்டுப் பாவு? ஊடை யாரு வூட்டு ஊடை? நெஞ்ச துணி யாருக்குப் போகுது? எனக்கு வாரா வாரம் அவுங்க குடுக்கறதுக்குப் பேரு என்ன?"

கூலி. அந்த வார்த்தைதான் அங்கே எல்லோரும் சொல்வது. அப்பாவைப் போன்றவர்களுக்கு அரசாங்கத்துப் பேச்சுவார்த்தையிலும் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் என்றுதான் பெயர். ஜவுளி உற்பத்தியாளர் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுத்து அனுப்புவார். இவர்கள் காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணியில் குறை இருந்தால் பிடித்தம். மின்சாரம், தறியின் தேய்மானம், கொட்டகை, எண்ணெய், நாடா, பெல்ட் எல்லாம் இவர்கள் செலவு. சந்தையில் துணி தேங்கினால் உற்பத்தியாளர் யாரையும் வேலையை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. பாவு அனுப்பாமல் இருந்தால் போதும்.

"பாவு வரலைன்னா நான் யாரு?" என்று அப்பா கடைசியாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததை ஒப்புக்கொள்ளும் வயதும் அது இல்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியைத் தோழரிடம் கேட்டேன். பையிலிருந்து தடியான புத்தகம் ஒன்றை எடுத்தார். மாஸ்கோவில் அச்சான ஆங்கில மூலதனம், மூன்றாம் பாகம். கடைசி அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினார். 52ஆவது அத்தியாயம், தலைப்பு வர்க்கங்கள். புத்தகத்தில் இரண்டு பக்கம்கூட நிறையவில்லை. கூலி உழைப்பாளர், முதலாளிகள், நிலவுடைமையாளர் என்று மூன்று பெரிய வர்க்கங்களை அதில் மார்க்ஸ் சொல்கிறார். ஒரு வர்க்கத்தை வர்க்கமாக்குவது எது என்று கேட்கிறார். வருமானம் வரும் வழிதான் வர்க்கம் என்றால் மருத்துவர்களும் அரசு அதிகாரிகளும்கூடத் தனித்தனி வர்க்கம் ஆகிவிடுவார்களே என்று தானே தடை எழுப்புகிறார். அதோடு நின்றுவிடுகிறது. 1883இல் மார்க்ஸ் இறந்துபோனார். 1894இல் எங்கெல்ஸ் அந்தப் பாகத்தை அச்சுக்குக் கொடுத்தபோது, கையெழுத்துப் பிரதி இங்கே நின்றுவிடுகிறது என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டார்.

தோழர் அந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "நான் கட்டம் போட்டது தப்பில்ல தம்பி. ஆனா கட்டம் போட்டு முடிச்சாச்சுன்னு நெனைக்கறது தப்பு." அவர் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிறகு நானாகப் படித்தேன். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த ராத்திரிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். மூலதனம் முழுவதையும் தோழர் தியாகு தமிழில் கொண்டுவந்த பிறகுதான் பல இடங்கள் எனக்கு விளங்கின. எங்கள் மாடியில் தனியார் பள்ளி வாத்தியாரைப் பற்றி நடந்த தகராறுக்கு மார்க்ஸ் முதல் பாகத்திலேயே பதில் சொல்லியிருந்தார். பள்ளி நடத்துகிறவனைப் பணக்காரனாக்க ஒரு வாத்தியார் உழைக்கும்போது, முதலாளிய அர்த்தத்தில் அவர் உற்பத்தி செய்யும் உழைப்பாளியே. முதலாளி தன் பணத்தைக் கறி அடைக்கும் ஆலையில் போடாமல் பாடம் சொல்லும் ஆலையில் போட்டிருக்கிறான், வேறு வித்தியாசம் இல்லை. கையில் அழுக்கு படுகிறதா, கடைசியில் ஒரு பொருள் கிடைக்கிறதா என்றெல்லாம் மார்க்ஸ் பார்க்கவில்லை. யாருக்காக, யாருடைய பணத்தைப் பெருக்குவதற்காக அந்த நேரம் செலவாகிறது என்றுதான் பார்த்தார்.

இன்னொரு இடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1861 மக்கள்தொகைக் கணக்கை மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். நெசவு, நூற்பு ஆலைகளில் வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சத்து 42 ஆயிரம் பேர். பணக்கார வீடுகளில் வேலைக்காரர்களாக இருந்தவர்கள் 12 லட்சத்து 8 ஆயிரம் பேருக்கும் மேல். ஆலைத் தொழிலாளியைப் பற்றி உலகத்திலேயே பெரிய புத்தகம் எழுதப்பட்ட நாட்டில், அது எழுதப்பட்ட காலத்தில், நெசவு, நூற்பு ஆலைகளுக்குள் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு பேர் அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் இருந்தார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். நாங்கள் தொழிலாளி என்றதும் மனதில் வரைந்துகொண்ட உருவத்தில் அவர்கள் யாருமே கிடையாது.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை மே தினத்துக்குச் சென்னை போனபோது பார்த்திருக்கிறேன். தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது, 1959இல் திறந்தது. நான்கு ஆண்கள், நரம்பு புடைக்க ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். அருமையான சிலை, இப்போது பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். 1923ஆம் வருடம் மே 1 அன்று சிங்காரவேலர் இதே கடற்கரையில்தான் மே தினக் கூட்டம் நடத்தினார். அன்று அவர் தொடங்கிய கட்சியின் பெயரிலேயே தொழிலாளியும் இருந்தார், விவசாயியும் இருந்தார். அதை நினைத்துக்கொண்டு அந்தச் சிலையைச் சுற்றி வந்தபோதுதான் அதில் ஒரு பெண்கூட இல்லை என்பது என் கண்ணில் பட்டது. அதற்கு முன் இரண்டு முறை பார்த்தபோது பட்டிருக்கவில்லை.

மார்க்ஸ் எழுதாமல் விட்ட இடத்தை நிரப்ப பின்னால் வந்தவர்களும் கட்டம் போட்டார்கள். நிக்கோஸ் பூலான்ட்சாஸ் 1974இல் எழுதிய புத்தகத்தில், உடலுழைப்பில் ஈடுபட்டு உபரி மதிப்பை நேரடியாக உற்பத்தி செய்கிறவர்களே பாட்டாளி வர்க்கம் என்று கோட்டை இறுக்கினார். குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் வெளியே போனார்கள். அந்த அளவுகோலை வைத்து எரிக் ஓலின் ரைட் கணக்குப் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் வேலை செய்கிறவர்களில் 20 சதவிகிதம்கூடத் தேறவில்லை. சமூகத்தையே மாற்றப்போகிற வர்க்கம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால் பிழை மக்களிடமா இருக்கும், அளவுகோலில்தான் இருக்கும். ரைட் வேறு வழி சொன்னார். ஒரே ஆள் இரண்டு வர்க்கங்களின் தன்மையோடும் இருக்கலாம், அந்த இடத்துக்கே முரண்பாடுதான் இயல்பு என்றார். எங்கள் கட்டிங் மாஸ்டரை அவர் நேரில் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இ.பி.தாம்சன் 1963இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்க வரலாற்றில் இன்னும் ஆழமாகப் போனார். வர்க்கம் என்பது அலமாரியில் எடுத்து வைக்கும் பொருளே இல்லை, மனிதர்களுக்கு இடையே நடக்கும் ஒன்று என்றார். எதிர்த்து நிற்கும்போதுதான் அது உருவாகிறது. 127 நாள் சேர்ந்து பட்டினி கிடந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி இன்றைக்கு வருகிறேன். அந்த மாடியில் உட்கார்ந்த பதினான்கு பேரில் எட்டுப் பேர் இருக்கிறோம்.

எங்களில் சுத்தமான பாட்டாளி என்று தோழர் யாரைச் சொன்னாரோ, ஒன்பது வயதில் கைமடிக்க வந்தவன், அவனிடம் இப்போது எண்பது மெஷின் இருக்கிறது. ஏற்றுமதி செய்கிறான். "நானும் உழைச்சுத்தான்டா வந்தேன்" என்கிறான். பொய் இல்லை. இந்த ஊரில் உழைப்பையே முதலாகப் போட்டு மேலே வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவன் உழைத்து வந்தான் என்பது, இன்றைக்கு அந்த எண்பது மெஷினில் உட்காருகிறவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதற்கு நியாயம் ஆகாது. வர்க்கம் என்பது எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறது.

சொந்த ஆட்டோ வைத்திருந்ததால் நடுக் கட்டத்துக்குப் போனவர் தவணை கட்ட முடியாமல் ஆட்டோவை இழந்தார். கடைசிவரை ஒரு சாயப்பட்டறையில் காவலாளியாக இருந்து இறந்துபோனார். குட்டி முதலாளி என்று நாங்கள் எழுதிய அவருக்குச் சாகும்போது பி.எஃப். பணம் என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

என் மகள் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். குளிர்சாதன அறை, கழுத்தில் அடையாள அட்டை, என் வாழ்நாளில் நான் பார்க்காத சம்பளம். பழைய கட்டத்தின்படி அவளை நடுவில்கூட எழுத முடியாது, பலகைக்கே வெளியேதான் எழுத வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டு, நீயாக ராஜினாமா செய்வதுபோல் எழுதிக்கொடு என்றார்கள். மாலைக்குள் அட்டை வேலை செய்யவில்லை. வீட்டுக் கடன் தவணை மாதம் ஐந்தாம் தேதி. அன்று ராத்திரி போனில் என்னைக் கேட்டாள்: "அப்பா, நான் சங்கத்துக்குப் போகலாமா? நான் தொழிலாளியாப்பா?"

அவளுக்கு நான் மார்க்சைச் சொல்லவில்லை, முதலில் சட்டத்தைச் சொன்னேன். அப்போது அமலில் இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் தொழிலாளி யார் என்ற விளக்கத்தில் உடலுழைப்பு மட்டும் இருக்கவில்லை. தொழில்நுட்ப வேலையும் எழுத்தர் வேலையும் அதற்குள் வந்தன. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரவில்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஆனால் கம்பெனிகள் முந்திக்கொள்கின்றன. ஆள், அம்பு எதுவும் இல்லாதவருக்கும் மேனேஜர் என்ற சொல் ஒட்டிய பதவிப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தொழிலாளி என்ற பெயரை நாங்கள் யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டோம். இந்தக் காலத்தில் அந்தப் பெயர் யார்மேலும் ஒட்டிவிடக் கூடாது என்று கம்பெனிகள் காவல் காக்கின்றன.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவனுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் பார்ட்னர். பங்காளி! பைக் அவனுடையது, கடன் இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி. பெட்ரோல், செல்போன், அதற்கான டேட்டா, டயர், மழைக்கோட்டு எல்லாம் அவன் செலவு. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று காசு. எவ்வளவு என்பதை ஆப் முடிவு செய்யும். பிறந்தநாள் கேக் ஒன்று டெலிவரியில் நசுங்கிவிட்டது என்று யாரோ புகார் செய்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை பைக்கின் மேல் உட்கார்ந்தபடி போனைத் திறந்திருக்கிறான். உள்ளே போக முடியவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"ஐடிய நிறுத்திப்போட்டாங்க மாமா."

"யாரு நிறுத்துனது?"

"யாருன்னு எப்படித் தெரியும்? ஐடி வேலை செய்யல, அவ்வளவுதான். கேட்கறதுக்கு ஆளே இல்லீங்க மாமா."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் காதில் கேட்டது அவன் குரல் இல்லை. தறிக் கொட்டகை வாசலில் துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்ற என் அப்பாவின் குரல். பாவு வரலைன்னா நான் யாரு?

கருவி அவருடையது. கடன் அவருடையது. கரண்டு பில் அவருடையது. மூலப்பொருளும் முடிந்த பொருளும் வேறொருவருடையது. மீட்டர் கணக்கில் கூலி. வேண்டாம் என்றால் பாவு வராது, அவ்வளவுதான். தங்கை மகனுக்கும் அதே கணக்கு. பைக் அவனுடையது, ஆர்டர் மேலே இருந்து வருகிறது, உருப்படிக்கு இவ்வளவு, வேண்டாம் என்றால் ஐடி வராது. 1985இல் பழைய காலத்து மிச்சம் என்று நினைத்து நான் நடுக் கட்டத்தில் தள்ளிய என் அப்பாதான், வரப்போகிற காலத்தின் தொழிலாளி எப்படி இருப்பான் என்று எனக்கு முன்னால் நின்று காட்டியிருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை.

இதையும் மார்க்ஸ் பார்த்திருந்தார். மூலதனத்தில் உருப்படிக் கூலிக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. முதலாளிய உற்பத்திக்கு மிகப் பொருத்தமான கூலி வடிவம் அதுதான் என்கிறார். மேஸ்திரியே தேவையில்லை, கூலி முறையே மேஸ்திரி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்வான், நேரத்தைத் தானே நீட்டிக்கொள்வான், பக்கத்தில் இருப்பவனோடு போட்டி போடுவான். வேலை செய்கிறவனுக்கும் முதலாளிக்கும் இடையிலே குத்தகை எடுத்தவர்கள் புகுந்துகொள்வதும் சுலபம். எங்கள் ஊர்ப் பீஸ் ரேட்டைப் பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. கருவி ஒருவனிடம் இருப்பதாலேயே அது மூலதனம் ஆகிவிடாது. அடுத்தவன் உழைப்பை இழுத்து வந்து தருகிற கருவிதான் மூலதனம். தன்னையே கட்டிப்போடுகிற கருவிக்குப் பெயர் சுமை.

இதைச் சொல்லும்போது என் அப்பாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஷிப்ட்டுக்கு அவர் ஒரு ஆள் வைத்திருந்தார். அட்வான்ஸ் கொடுத்து வைத்த ஆள். அட்வான்ஸ் தீராமல் வேறு கொட்டகைக்குப் போக முடியாது. பாவு வராத வாரங்களில் அப்பா அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. அரிசி கொடுத்தார், கூலி கொடுக்கவில்லை. அந்த மனிதருக்கு என் அப்பா முதலாளிதான். மேலே பார்க்கும்போது கூலிக்காரர், கீழே பார்க்கும்போது முதலாளி. ரைட் சொன்ன முரண்பட்ட இடம் என்பது எங்கள் வீட்டுக் கொட்டகைதான். அப்பாமேல் உள்ள பாசத்தில் இதை மறைத்தால், அந்த ராத்திரி ஷிப்ட்காரரை இரண்டாவது முறையாகப் பலகையிலிருந்து அழித்தவன் ஆவேன்.

இப்போது சட்டங்களும் மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் நாடு முழுவதும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றில் 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என் தங்கை மகனைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. கிக் தொழிலாளி. முதலாளி, தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்று விளக்கமும் சொல்கிறது. தொழிலாளி என்று பெயரும் வைத்து, தொழிலாளி உறவுக்கு வெளியே என்று கோடும் போட்டாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2023இல் இவர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் நலம் வேறு, உரிமை வேறு. மார்க்ஸ் உட்கார்ந்து எழுதிய லண்டனில் 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று நீதிபதிகள் பார்த்தார்கள். தாளை விட்டுவிட்டு உறவைப் பார் என்பதுதான் மார்க்சும் சொன்னது.

2022இலும் 2025இலும் எங்கள் பல்லடம், சோமனூர் பக்கத்துக் கூலி விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். தறிக்குச் சொந்தக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! அப்பா அப்போது இல்லை. அந்தப் போராட்டப் பந்தலில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். 1985இல் நான் வைத்த கடனில் கொஞ்சம் அடைத்ததுபோல் இருந்தது.

போன மாசி மாதத்திலிருந்து அதே சங்க மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நான் வகுப்பு எடுக்கிறேன். டெலிவரி பையன்கள் வருகிறார்கள், செக்கிங் பெண்கள் வருகிறார்கள், ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு தையல்காரர்கள் வருகிறார்கள், என் மகள் போனில் கேட்கிறாள். நான் பலகையில் கட்டம் போடுவதில்லை. எல்லோரிடமும் இரண்டே கேள்வி கேட்கிறேன். உன் வேலையை நிறுத்த யாரால் முடியும்? அது நின்றுபோனால் எத்தனை நாள் உன்னால் தாங்க முடியும்? பதிலைப் பலகையில் எழுதச் சொல்கிறேன். பத்து நாள், ஒரு மாதம், அடுத்த தவணை வரை, தெரியவில்லை. ஐ.டி.யில் இருந்தவளும் பைக்கில் இருப்பவனும் காஜா பட்டன் போடுகிறவளும் அந்தப் பதில்களைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில்தான் வர்க்கம் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

அந்த இரண்டு கேள்வியையும் ஒரு நாள் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு 83 வயது. தறி இருந்த முப்பது வருடமும் தார் சுற்றியது அவர்தான். ஆறு தறிக்கும் நாடாவில் போடுகிற ஊடை நூலை, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராட்டையில் உட்கார்ந்து தாராகச் சுற்றி வைப்பார். அதன் பிறகு அடுப்பு, மாடு, நாங்கள். அம்மாவுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. மீட்டர் கணக்கில் அப்பாவுக்கு வந்த கூலிக்குள் அம்மாவின் உழைப்பு கணக்கில்லாமல் கரைந்திருந்தது. 1985இல் அந்தக் கரும்பலகையில் அப்பாவின் பெயருக்கு மூன்று கட்டத்தில் எது என்று யோசித்தோம். அம்மாவின் பெயரைச் சொல்ல எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் வலது கை ஆட்காட்டி விரலில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. நூல் ஓடி ஓடி விழுந்த பள்ளம். என் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உங்கப்பனுக்குப் பாவு நிக்கும். உனக்குக் கம்பெனி நிக்கும். எம்பட வேலை என்னைக்குக் கண்ணு நின்னுது? நின்னாத்தானே தெரியும், எத்தனை நாள் தாங்கும்னு."

அடுத்த வகுப்பில் என் இரண்டு கேள்விகளுக்கும் கீழே இடம் விட்டு, அம்மாவின் பெயரை எழுதினேன். என்னுடைய கேள்வி அவரிடம் போய்ச் சேரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். தோழர் என்னிடம் மட்டும் சொன்னதை நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை.